"கேம் விளையாடல அப்பத்தா, எய்ம் பிராக்டிஸ் பண்றேன்!" - வீடியோ கேம் சுடுதளம் நிஜத்தில் குறிபார்க்கக் கற்றுத்தருமா?

பரீட்சை லீவு விட்டுவிட்டால் காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் பார்க்கக்கூடிய காட்சிதான். வளவில் ஆத்தங்குடித் தரை ஜில்லென்று இருக்கும். அதில் குப்புறப் படுத்தபடி, செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேரன் எதையோ சுட்டுக்கொண்டிருப்பான். "ஏய்யா, காலையில இருந்து இதே வேலையா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று அப்பத்தா சத்தம் போட்டால், தலையைத் தூக்காமலே பதில் வரும். "நான் கேம் விளையாடல அப்பத்தா. எய்ம் பிராக்டிஸ் பண்றேன்."

கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். ஆனால், அந்தப் பதிலை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. துப்பாக்கி கேம்களில் 'ரேஞ்ச்' எனப்படும் சுடுதளம் உண்மையிலேயே பயிற்சிக்காக வைக்கப்பட்டதுதான். அங்கே பயிற்சி எடுப்பவர்களின் கண்ணும் கையும் முன்பைவிட வேகமாகின்றன என்பதும் உண்மைதான். எதில் வேகமாகின்றன, அந்த வேகம் செல்போனுக்கு வெளியே எவ்வளவு தூரம் வரும் என்பதில்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. போனைப் பிடுங்கி வைப்பதா, பையன் கேட்கிறபடி கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதா, இல்லை ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடுவதா என்ற முடிவே இதை வைத்துத்தான் இருக்கிறது.

சுடுதளத்துக்குள் என்ன நடக்கிறது?

2020 ஜூனில் வெளியான 'வேலரன்ட்' கேமில் 'தி ரேஞ்ச்' என்றே ஒரு பகுதி உண்டு. அதில் 30 பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஈஸி, மீடியம், ஹார்டு என மூன்று வேகம். ஹார்டு வைத்தால், பொம்மை எங்கே வந்தது என்று பார்ப்பதற்குள் மறைந்திருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் விளையாடும் 'பிஜிஎம்ஐ'யிலும் இதேபோல டிரெய்னிங் கிரவுண்ட் இருக்கிறது.

சண்டையே இல்லாமல், குறிபார்ப்பதை மட்டும் தனி கேமாக்கியவர்களும் இருக்கிறார்கள். 'எய்ம் லேப்', 'கோவாக்ஸ்' இரண்டும் அப்படிப்பட்டவை. எய்ம் லேப்பை உருவாக்கிய வெய்ன் மேக்கி ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர். அதில் பிரபலமான 'கிரிட்ஷாட்' பயிற்சியில் திரையில் எப்போதும் மூன்று பந்துகள் இருக்கும். ஒன்றைச் சுட்டால் வேறோர் இடத்தில் இன்னொன்று முளைக்கும். 60 விநாடிக்குள் எத்தனை என்பதுதான் கணக்கு. முடிந்ததும் எத்தனை குறி தப்பியது, சராசரியாக ஒரு பந்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று மார்க் ஷீட் போல விவரம் வந்து நிற்கும்.

இந்தப் பயிற்சிகளில் பிள்ளைகள் பேசும் பாஷையில் இரண்டு வார்த்தைகள் அடிக்கடி அடிபடும். ஒன்று, 'ஃப்ளிக்'. ஓரத்தில் தெரிந்த இலக்குக்குக் குறியைச் சட்டென்று கொண்டுபோவது. இன்னொன்று, 'டிராக்கிங்'. ஓடிக்கொண்டிருக்கும் இலக்கோடு குறியையும் கூடவே ஓட்டுவது. செல்போனில் இதைக் கட்டைவிரல் செய்கிறது. சிலர் 'ஜைரோ'வைப் போட்டுக்கொண்டு போனையே லேசாகச் சாய்த்துக் குறிபார்ப்பார்கள். அது கொஞ்சம் பழக்கம் வேண்டும். வந்துவிட்டால் கட்டைவிரல்காரர்கள் கிட்டே நிற்க முடியாது என்பது விளையாடுபவர்களின் கணக்கு.

வாத்து சுட்ட தலைமுறை

இன்று பையனைத் திட்டும் அப்பாக்களில் பலரும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். 90-களில் டி.வி-யில் மாட்டும் வீடியோ கேம் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். புல்லுக்குள்ளிருந்து வாத்து பறக்கும். குறிபார்த்துச் சுட வேண்டும். தப்பினால் நாய் ஒன்று எழுந்து நின்று சிரிக்கும். நின்டெண்டோ நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த 'டக் ஹன்ட்' அது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த மலிவு விலைப் பெட்டிகள்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி பாய்ந்து டி.வி-யில் படுகிறது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். உண்மை தலைகீழ். துப்பாக்கி எதையும் அனுப்பாது, அது பார்க்கும். விசையை அழுத்திய கணத்தில் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி வாயில் இருக்கும் சிறிய ஒளி உணரும் கருவி, முதலில் இருட்டையும் பிறகு வெள்ளையையும் பார்த்தால் 'பட்டுவிட்டது' என்று அர்த்தம். எரியும் பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாதபடிதான் முதலில் அந்தக் கறுப்புத் திரை. பழைய டியூப் டி.வி-யின் வேகத்தை நம்பிச் செய்த வித்தை என்பதால், இன்றைய எல்.இ.டி டி.வி-யில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. பரணில் இன்னும் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கியில் இன்றைய செல்போனில் இல்லாத ஒன்று இருந்தது. கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், கை வலிக்கும், ஆடும். அமெரிக்க ராணுவமே 1990-களில் சூப்பர் நின்டெண்டோ பெட்டியில் எம்-16 துப்பாக்கி போன்ற மாடலை இணைத்து வீரர்களுக்குக் குறிபார்க்கும் பயிற்சி தந்திருக்கிறது. நிஜத் துப்பாக்கியின் உருவத்தில், அதே போலத் தோளில் வைத்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்த வேண்டிய கருவி அது.

30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும்

'என் ரியாக்‌ஷன் டைம் 200 மில்லி செகண்ட்' என்று பையன் பெருமையாகச் சொன்னால், அதைச் சோதிக்க ஆப் எதுவும் வேண்டாம். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் போதும். ஒருவர் 30 செ.மீ ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். இன்னொருவர் கீழே, பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட்டால், கீழே இருப்பவர் எந்த எண்ணில் பிடிக்கிறார் என்று பாருங்கள்.

15 செ.மீ-ல் பிடித்தால் சுமார் 0.17 விநாடி. 20 செ.மீ என்றால் 0.20 விநாடி. 30-ல் நுனியைப் பிடித்தால் கிட்டத்தட்ட 0.25 விநாடி. புவியீர்ப்பு விசை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் இந்தக் கணக்கில் ஏமாற்ற முடியாது. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். அப்பா, அம்மா, தாத்தா என்று வீட்டில் எல்லோரும் செய்துபார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நன்றாகப் போகும்.

செல்போன் ஆப் காட்டும் எண்ணை ஏன் நம்பக் கூடாது? அதில் மனிதரின் வேகத்தோடு போனின் தாமதமும் சேர்ந்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாறி அடுத்த படம் வரவே 16 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும்; 144 ஹெர்ட்ஸ் திரையில் 7 தான். விரல் பட்டதைத் திரை உணர்ந்து சொல்ல இன்னும் கொஞ்சம். விலை கூடிய போன் வாங்கிய பையனின் 'ரியாக்‌ஷன் டைம்' ஒரே நாளில் குறைந்துவிடுவது இதனால்தான். குறைந்தது போனின் தாமதம்.

மனித உடலுக்கும் இதில் ஓர் எல்லை உண்டு. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால், சத்தத்தைக் கேட்காமலேயே கிளம்பினார் என்று வைத்து அதைத் தவறான தொடக்கமாக அறிவிப்பது உலக தடகள விதி. கண்ணால் பார்த்துச் செயல்படுவதற்கு, காதால் கேட்பதைவிட இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். எத்தனை மணி நேரம் கேம் ஆடினாலும் இந்த அடிப்படை வேகம் பெரிதாக மாறாது. ஆனால், 'பார்த்தது நண்பனா, எதிரியா, சுடலாமா, வேண்டாமா' என்று மூளை முடிவெடுக்கும் நேரம் குறையக்கூடும். பயிற்சி வேலை செய்யும் இடம் அதுதான்.

ஆராய்ச்சிகள் சொல்வது... ஒரு ஆராய்ச்சி சொல்லாமல் போனது

2003-ல் 'நேச்சர்' இதழில் ஷான் கிரீன், டாப்னி பாவெலியே இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பெரிய பேச்சைக் கிளப்பியது. கேம் பழக்கமே இல்லாதவர்களை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் துப்பாக்கி கேம் விளையாட வைத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கட்டைகளை அடுக்கும் 'டெட்ரிஸ்'. துப்பாக்கி கேம் ஆடியவர்களுக்குப் பார்வை எல்லைக்குள் சிதறிக் கிடக்கும் பொருள்களைக் கவனிக்கும் திறன் கூடியிருந்தது. 2010-ல் வந்த தொடர் ஆய்வில் 50 மணி நேரப் பயிற்சி. ஆக்‌ஷன் கேம் ஆடியவர்கள் 25 சதவிகிதம் வரை வேகமாக முடிவெடுத்தார்கள். வேகம் கூடியதால் தவறுகள் கூடவில்லை.

டாக்டர்கள் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா திரையைப் பார்த்தபடி அறுவை சிகிச்சை செய்யும் 33 டாக்டர்களை வைத்து 2007-ல் வெளியானது. வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடிய பழக்கமுள்ளவர்கள், பயிற்சித் தேர்வில் 37 சதவிகிதம் குறைவாகத் தவறு செய்தார்கள்; 27 சதவிகிதம் வேகமாக முடித்தார்கள். இதைப் பையன்கள் ஆதாரமாகக் காட்டினால் ஒரு கேள்வி கேட்கலாம். கேம் ஆடியதால் கை திருந்தியதா, கை திருந்தியவர்களுக்குத்தான் கேம் பிடித்திருந்ததா? இந்த ஆய்வை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. தவிர, திரையைப் பார்த்துக் கருவியை நகர்த்துவது கேமிலும் அந்த அறுவை சிகிச்சையிலும் ஒரே மாதிரியான வேலை.

சரி, கேமில் சுட்டுப் பழகியவர் நிஜத் துப்பாக்கியில் சுடுவாரா? 2012-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. துப்பாக்கி வடிவக் கருவியோடு வெறும் 20 நிமிடம் கேம் ஆடியவர்கள், பிறகு பொம்மை மனிதனைச் சுட்டபோது தலையில் அதிகம் சுட்டார்கள் என்றது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பெற்றோர் பயந்தார்கள், கேம் பிரியர்கள் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்கள். ஆனால், ஆய்வில் உள்ள தகவல்கள் சரியில்லை என்று கேள்வி எழுந்து, 2017-ல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆய்வு பொய்த்துப்போன செய்தி, முதல் செய்தி போன தூரத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் யூடியூப் வீடியோக்களில் '20 நிமிஷம் போதும்' என்று அதே ஆய்வை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் மறந்துவிடும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. செல்போன் கேம்களில் 'எய்ம் அசிஸ்ட்' உண்டு. குறி இலக்கின் அருகே போனதும் கேமே அதைக் கொஞ்சம் இழுத்து ஒட்டவைக்கும். சிறிய திரையில் கட்டைவிரலால் ஆடுபவர்களுக்காகச் செய்த வசதி. அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஆடச் சொல்லிப் பாருங்கள். எய்ம் யாருடையது, கேமுடையதா பையனுடையதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

புதுக்கோட்டைக்காரரின் ஒரு விநாடி

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. அந்த சமஸ்தானத்து அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 'டிராப்' எனப்படும் பறக்கும் இலக்கைச் சுடும் போட்டியில் இந்தியாவுக்காக ஆடுபவர். 2023 மார்ச்சில் தோஹா உலகக்கோப்பையில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோரோடு சேர்ந்து ஆண்கள் அணிப் பிரிவில் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

'எய்ம், ரிஃப்ளெக்ஸ்' என்று பிள்ளைகள் சொல்லும் இரண்டும் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க இந்த டிராப் போட்டியைவிட நல்ல இடம் கிடையாது. சுடுபவர் குரல் கொடுத்ததும், எதிரே பள்ளத்தில் இருக்கும் இயந்திரத்திலிருந்து 11 செ.மீ அகலமுள்ள தட்டு ஒன்று மணிக்கு சுமார் 100 கி.மீ வேகத்தில் பறக்கும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு தட்டுக்கு இரண்டு குண்டுகள் அனுமதி. தேர்ந்தவர்களின் முதல் குண்டு பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் போய்விடும். தகுதிச் சுற்றில் இப்படி 125 தட்டுகள். ஒன்றிரண்டு தவறினாலே இறுதிச் சுற்றுக்கு உள்ளேயா, வெளியேயா என்பது மாறிவிடும்.

இவ்வளவு வேகமான போட்டியில் ஜெயிப்பவர்களின் கை மற்றவர்களைவிட வேகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பறக்கும் தட்டைச் சுடும் வீரர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். முன்னணி வீரர்களிடம் தெரிந்த வித்தியாசம் கண்ணில் இருந்தது. அவர்களின் கண், தட்டை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்தது. பிடித்த பிறகு அதிக நேரம் அதன்மீதே நிலைத்திருந்தது. கனடாவைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்த நிலைக்கு வைத்த பெயர் 'அமைதியான கண்'. கண் சீக்கிரம் பிடித்துவிட்டால் கை அவசரப்பட வேண்டியதில்லை. சுடுவதைப் பார்க்கும் நமக்குத்தான் அது மின்னல் வேகமாகத் தெரிகிறது.

கிரிட்ஷாட் மாதிரியே அமைந்த நிஜப் போட்டியும் ஒன்று உண்டு. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். எதிரே வரிசையாக ஐந்து இலக்குகள். துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். பச்சை விளக்கு வந்ததும் கையைத் தூக்கி ஐந்தையும் சுட வேண்டும். முதலில் 8 விநாடி, பிறகு 6, கடைசியில் 4. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். கிரிட்ஷாட்டில் ஒரு நிமிடத்துக்கு நூறு பந்து அடிக்கும் பையன், நான்கு விநாடியில் ஐந்து என்றால் 'இவ்வளவுதானா' என்று கேட்கக்கூடும். ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியை நீட்டிய ஒற்றைக் கையில் பிடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் அது துள்ளியதைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த இலக்குக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை ஒரு நிமிடம் கையை நீட்டிப் பிடித்துக்காட்டச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இதற்கு நேர் எதிர். அங்கே ரிஃப்ளெக்ஸுக்கே வேலை இல்லை. 10 புள்ளிக்கான நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். இதயத் துடிப்பில் துப்பாக்கி லேசாக அசைவதைக்கூட வீரர்கள் உணர்வார்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்ற விளையாட்டு இது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கங்கள் குவித்ததும் இதில்தான். பரபரவென்று விரலைத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு இங்கே முதல் பாடமே, தட்டாமல் இருப்பது.

சீமைக்குப் பழக்கமான குறி

பறப்பதையும் ஓடுவதையும் குறிபார்ப்பது சிவகங்கைச் சீமைக்குப் புதிதில்லை. வளைந்த கட்டையாகவும் இரும்பாகவும் செய்த வளரியை வீசி முயலையும் மானையும் வேட்டையாடிய மண் இது; போரிலும் அது ஆயுதம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 100 கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாமல் வீச முடியும் என்பது அவர் கண்டது. கற்றுக்கொண்ட அதே வெல்ஷ், 1801-ல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கம்பெனிப் பக்கம் நின்றார். அந்த ஆண்டு அக்டோபர் 24-ல் காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், கோலிக்குண்டும் கிட்டிப்புள்ளும் இருக்கின்றன. கொப்புடைய நாயகி அம்மன் கோயில் திருவிழாவுக்கோ, குன்றக்குடிக்கோ போனால் பலூன் சுடும் கடை இருக்கும். அந்தத் துப்பாக்கியின் குறி கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். முதல் குண்டை எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே செலவழித்துவிட்டு, அடுத்த குண்டைக் கோணலுக்கு ஏற்றபடி தள்ளிப் பிடித்துச் சுடும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேமில் ஸ்கோர் குறைந்ததும் செட்டிங்ஸை மாற்றும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

வீரர்களிடமும் ஒரு 'கேம்' உண்டு

திரையே உதவாது என்று சொல்லிவிட முடியாது. நிஜத் துப்பாக்கி வீரர்களும் திரை முன்னால் பயிற்சி எடுக்கிறார்கள். 'ஸ்காட்' என்ற கருவி அதற்குப் பெயர் பெற்றது. துப்பாக்கிக் குழலில் ஒரு சிறிய கேமரா உணரியை மாட்டிவிடுவார்கள். குண்டே போடாமல் வீட்டுச் சுவரில் இருக்கும் இலக்கைக் குறிபார்த்தால், குழல் எப்படியெல்லாம் அலைந்தது என்பது கம்ப்யூட்டர் திரையில் கோடாக வரும். விசையை அழுத்தும் முன் ஒரு நிறம், அழுத்திய பின் வேறு நிறம். எந்தக் கணத்தில் கை நடுங்கியது, விசையை இழுக்கும்போது குழல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்கவே முடியாது. குண்டில்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகும் 'டிரை ஃபயர்' பயிற்சி உலகம் முழுக்க வீரர்களின் அன்றாட வேலை. இதில் வெடிச் சத்தம் கிடையாது, எதிரி கிடையாது. பத்து நிமிடம் பார்த்தாலே பேரனுக்குக் கொட்டாவி வரும்.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமும் கேமை ஒதுக்கவில்லை. 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில், 'ஃபோர்ட்நைட்' கேமுக்குள் தனியாக ஒரு தீவு அமைத்து, ஆளைச் சுடாமல் இலக்கை மட்டும் சுடும் போட்டியை நடத்தியது. கேமில் ஜெயிப்பது கேமில் ஜெயிப்பதுதான் என்ற அளவில் அது ஒரு விளையாட்டு. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸுக்கு விளையாட்டு அந்தஸ்து கிடைத்துவிட்டது. 'பெரிய பிளேயர் ஆவேன்' என்று பையன் சொன்னால் அப்படி ஒரு துறையே இல்லை என்று வாதாட முடியாது. கிரிக்கெட் ஆடுபவர்களில் எத்தனை பேர் ஐ.பி.எல் வரை போகிறார்கள் என்ற கணக்கை மட்டும் நினைவுபடுத்தலாம்.

அப்பா, அம்மா கவனத்துக்கு...

எய்ம் பயிற்சி என்று சொல்லும் பிள்ளை, பயிற்சி போலச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பயிற்சி என்றால் 20 நிமிடம், அரை மணி நேரம். எத்தனை குறி தப்பியது என்று எழுதி வைப்பது. நேற்றைவிட இன்று எப்படி என்று பார்ப்பது. நான்கு மணி நேரம் தொடர்ந்து சுடுவது பயிற்சி கிடையாது. களைத்த கண்ணும் விரலும் தவறைத்தான் பழகிக்கொள்ளும். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்வது டாக்டர்கள் வழக்கமாகத் தரும் யோசனை. கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி என்று சொன்னால் அலட்சியம் வேண்டாம். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் தள்ளிப்போய், நிறுத்தச் சொன்னால் முடியவில்லை என்ற நிலை மாதக்கணக்கில் நீடித்தால், அது திட்டித் தீர்க்கிற விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை மருத்துவம் தேவைப்படும் கோளாறாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். துப்பாக்கிக்குக் கலர் மாற்றும் 'ஸ்கின்' வாங்கினால் எய்ம் கூடாது. 'பத்து ரூபாய் கட்டி ஆடு, ஜெயித்தால் நூறு' என்று பந்தயம் வைத்துக் கூப்பிடுபவர்களிடம் பிள்ளை சிக்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறியிருக்கிறது.

பிள்ளைக்கு உண்மையிலேயே குறிபார்ப்பதில் ஆசை இருப்பதாகத் தெரிந்தால், செலவில்லாத வழி என்.சி.சி. அதில் பாயின்ட் 22 ரைஃபிள் சுடும் பயிற்சி உண்டு. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி இருந்தால் விசாரிக்கலாம். அடுத்தது ரைஃபிள் கிளப். காரைக்குடியிலிருந்து போகக்கூடிய தூரத்தில் திருச்சியிலும் மதுரையிலும் கிளப்கள் இருக்கின்றன. 2022 ஜூலையில் நடிகர் அஜித் மாநிலப் போட்டியில் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றது அந்தத் திருச்சி கிளப்பில்தான். எடுத்ததும் சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டாம். போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைஃபிள் லட்சங்களில் விலை. கிளப் துப்பாக்கியில் பழகிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

பாயின்ட் 177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக அதை வாங்கிவந்து மொட்டை மாடியில் புறாவைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. அந்தச் சின்ன ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது.

கேமில் நன்றாகச் சுடும் பிள்ளைகளைக் கிளப்பில் சேர்க்கும்போது முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி அழைத்துப் போவது நல்லது. போன உடனே சுட விடமாட்டார்கள். பாதுகாப்பு விதிகளைப் படிக்க வைப்பார்கள். பிறகு துப்பாக்கியைக் கையில் கொடுத்து, குண்டு போடாமல், இலக்கைப் பார்த்தபடி அப்படியே அசையாமல் நிற்கச் சொல்வார்கள்.